வேரோட எடுத்துடுங்கன்னு சொல்றவங்களும் அந்த ஆராய்ச்சியே ஃப்ராடுன்னு சொல்ற மச்சானும்

நீங்க கேட்டதை முதல்ல திருப்பிச் சொல்லிடறேன், சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. அத்தைக்கு மார்புல சின்னதா ஒரு கட்டி, பயாப்ஸியில கேன்சர்னு வந்துருச்சு. சர்ஜன் கட்டியை மட்டும் சுத்தி எடுத்துட்டு அப்புறம் கரண்ட், அதாவது ரேடியேஷன், வெச்சா போதும்ங்கிறார். வீட்ல பெரியவங்க எல்லாம் "அரைகுறை வேலை எதுக்கு, முழுசா வேரோட எடுத்துடச் சொல்லு"ங்கிறாங்க. இதுக்கு நடுவுல உங்க மச்சான் எங்கயோ படிச்சுட்டு வந்து, "கட்டியை மட்டும் எடுத்தா போதும்னு சொன்ன அந்த அமெரிக்க ஆராய்ச்சியிலயே ஒரு டாக்டர் தில்லுமுல்லு பண்ணி மாட்டியிருக்கார், அதை நம்பியா"ன்னு கேட்டிருக்கார். அப்ப யாரைத்தான் நம்புறதுங்கிறது உங்க கேள்வி.

மச்சான் கதை விடல, அது நடந்ததுதான். எனக்கு அந்தக் கேஸ் நல்லாத் தெரியும். நான் டாக்டர் இல்ல, ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியில பல வருஷம் ட்ரையல் டேட்டா பார்த்தவன், அதாவது பேஷன்ட் ஃபைல்ல இருக்கிறதும் ட்ரையல் ஃபார்ம்ல எழுதியிருக்கிறதும் ஒண்ணுதானான்னு வரி வரியா ஒத்துப் பார்க்கிற வேலை, போரடிக்கிற வேலைதான். எங்க லைன்ல புதுசா வர்றவங்களுக்கு இந்தக் கேஸைச் சொல்லித்தான் பயம் காட்டுவோம். அத்தைக்கு என்ன பண்ணணும்னு நான் சொல்லப் போறதில்ல, அது ஸ்கேனும் ஸ்லைடும் கையில வெச்சிருக்கிற சர்ஜன் சொல்ல வேண்டியது. எல்லாரும் ஏத்துக்கிட்ட ஒரு ஆதாரத்தை எப்படிக் கேள்வி கேட்கணும், கேட்டா என்ன ஆகும்ங்கிறதை மட்டும் சொல்றேன்.

"வேரோட எடு"ங்கிறதுல இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா இது நம்ம வீட்டுப் பாட்டிங்க மட்டும் சொன்னது இல்ல. ராடிக்கல் மாஸ்டெக்டமின்னு ஒரு ஆபரேஷன் இருந்துச்சு, அந்த ராடிக்கல்ங்கிற வார்த்தைக்கு லத்தீன்ல மூலமே வேர்தான். இதைப் பெருசாக்கினவர் வில்லியம் ஹால்ஸ்டெட், பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி சர்ஜன். மார்பு, அதுக்கு அடியில இருக்கிற நெஞ்சுத் தசை, அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டிங்க எல்லாத்தையும் ஒரே துண்டா வழிச்சு எடுக்கிறது. அவரோட கணக்கு என்னன்னா, கேன்சர் ஒரு இடத்துல ஆரம்பிச்சு தண்ணியில கல் போட்ட மாதிரி வட்ட வட்டமா வெளிய பரவுது, நெறிக்கட்டிங்கதான் அதுக்கு செக்போஸ்ட், அதனால வட்டத்தைத் தாண்டி வெட்டிட்டா தப்பிச்சோம். 1894ல 50 பேஷன்ட்டோட கணக்கை வெளியிட்டார். வெட்டின இடத்துலயே கட்டி திரும்ப வந்தது 3 பேருக்குத்தான். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல பெரிய பெரிய சர்ஜன்கள் கையிலயே பாதிக்கு மேல திரும்ப வந்துட்டு இருந்துச்சு. இதைப் பார்த்தா யார்தான் அசந்து போக மாட்டாங்க, நானா இருந்தாலும் ஹால்ஸ்டெட் பக்கம்தான் போயிருப்பேன்.

மனுஷன் சாதாரண ஆளும் கிடையாது. ஆபரேஷன் தியேட்டருக்கு ரப்பர் கையுறை வந்ததே அவரால, ஒரு நர்ஸுக்கு கிருமிநாசினி பட்டு கை புண்ணாச்சுன்னு ஆர்டர் பண்ணி வாங்கிக் குடுத்தார், பின்னாடி அவங்களையே கல்யாணமும் பண்ணிக்கிட்டார். கொக்கெய்னை மரத்துப் போற மருந்தா தன் மேலயே போட்டு சோதிச்சு அதுக்கு அடிமையாவும் ஆனார், அது தனிக்கதை. நான் சொல்ல வர்றது, இவர்கிட்ட படிச்சவங்கதான் அமெரிக்கா முழுக்க அடுத்த தலைமுறை சர்ஜன்களா ஆனாங்க, குரு சொன்னதை சிஷ்யன் மாத்துவானா, அந்த ஆபரேஷன் முக்கால் நூற்றாண்டு ஓடுச்சு.

ஆனா அந்த 3 பேர்ங்கிற நம்பரை எங்க டேபிள்ல கொண்டு வந்து வெச்சிருந்தா முதல்ல கேட்டிருப்போம், "சார், வெட்டின இடத்துல வரலைங்கிறது சரி, ஆள் எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?" அவர் முன்னாடி வெச்ச அளவு, நெஞ்சுல திரும்ப முளைக்குதா இல்லையாங்கிறது. நெஞ்சு சுத்தமா இருக்கும், ஆனா எலும்புல, நுரையீரல்ல, கல்லீரல்ல வந்து அந்தம்மா செத்துப் போயிருப்பாங்க. இன்னொண்ணு, இவர் ஒப்பிட்டது வேற ஊர்ல வேற சர்ஜன் வேற மாதிரி பேஷன்ட்டுக்குப் பண்ணின ஆபரேஷனோட. ஒரே மாதிரி பேஷன்ட்டுகளைப் பிரிச்சு பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அதுன்னு பண்ணிப் பார்த்தது யாருமே இல்ல. எல்லாரும் ஏத்துக்கிட்ட ஒரு விஷயத்துக்கு அடியில அஸ்திவாரம் இவ்வளவுதான் இருந்துச்சு.

இதுக்கு விலை குடுத்தது பொம்பளைங்க. எலும்பு தெரியுற மாதிரி குழிஞ்ச நெஞ்சு, வீங்கி மரமாப் போன கை, தலை சீவக்கூட தூக்க முடியாத தோள்பட்டை. அதைவிடக் கொடுமை, ரொம்ப காலம் பயாப்ஸியும் ஆபரேஷனும் ஒரே மயக்கத்துலதான். கட்டி என்னன்னு பார்க்கத்தான் மயக்க மருந்து குடுப்பாங்க, கண்ணு முழிச்சா மார்பு இருக்கா இல்லையான்னு தொட்டுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். ரோஸ் குஷ்னர்னு ஒரு பத்திரிகைக்கார அம்மா 1970கள்ல இதுக்காகவே சண்டை போட்டாங்க, ரெண்டையும் தனித்தனியா பண்ணுங்க, நடுவுல எங்களுக்கு யோசிக்க டைம் குடுங்கன்னு.

நடுவுல யாருமே கேட்கலையான்னா, கேட்டாங்க. லண்டன்ல ஜெஃப்ரி கெயின்ஸ், பொருளாதார நிபுணர் கெயின்ஸோட தம்பி, 1920கள்லயே கட்டியை மட்டும் எடுத்து ரேடியம் ஊசி செருகி வைத்தியம் பார்த்தார். எடின்பரோவுல மக்விர்ட்டர், கிளீவ்லாண்டுல ஜார்ஜ் க்ரைல் ஜூனியர் இவங்களும் சின்ன ஆபரேஷன் போதும்னு சொல்லிப் பார்த்தாங்க. யாரும் காது குடுக்கல, க்ரைலை சக டாக்டர்களே போட்டுத் தாளிச்சாங்க. இதுல ஒரு நியாயமும் இருக்குன்னு எனக்குத் தோணும், ஏன்னா இவங்க கையிலயும் இருந்தது "என் பேஷன்ட்டுங்க நல்லா இருக்காங்க"ங்கிற அதே மாதிரி ஆதாரம்தான். ஒரு சர்ஜனோட அனுபவத்தை இன்னொரு சர்ஜனோட அனுபவத்தால தோற்கடிக்க முடியாது, குரல் பெருசா இருக்கிறவர்தான் ஜெயிப்பார்.

பிட்ஸ்பர்க் சர்ஜன் பெர்னார்ட் ஃபிஷர் வேற மாதிரி வந்தார். முதல்ல லேப்ல எலிகள வெச்சு தன் தம்பி எட்வின், திசுவைச் சோதிக்கிற பேத்தாலஜிஸ்ட், அவர் கூட சேர்ந்து பார்த்ததுல, கேன்சர் செல்லுங்க நெறிக்கட்டியில போய் நிக்கிறதே இல்ல, பூந்து வெளிய வந்து ரத்தத்துக்கும் போகுது, திரும்பியும் வருது. அப்ப செக்போஸ்ட் கதையே ஆட்டம் காணுதே. அப்படின்னா கட்டி கண்ணுக்குத் தெரியுற அன்னிக்கே சில பேருக்கு உடம்பு முழுக்கப் போயிருக்கும், நெஞ்சை எவ்வளவு பெருசா வெட்டினாலும் அவங்களுக்குப் பிரயோஜனம் இல்ல, போகாதவங்களுக்கு அவ்வளவு பெருசா வெட்ட வேண்டியதே இல்ல. இது வெறும் தியரி, அவருக்கும் தெரியும். அதனால 1971ல பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து மார்புக் கேன்சர் ட்ரையல் நடத்துற என்.எஸ்.ஏ.பி.பி.ங்கிற அமைப்பு மூலமா பி-04னு ஒரு ட்ரையல் ஆரம்பிச்சார். அக்குள்ல கைக்கு நெறிக்கட்டி தட்டுப்படாத 1,079 பேர், அவங்களை சீட்டு குலுக்கிப் போட்டு மூணாப் பிரிச்சாங்க: ஹால்ஸ்டெட் ஆபரேஷன், மார்பை மட்டும் எடுத்து கரண்ட், மார்பை மட்டும் எடுத்துட்டு அக்குளைத் தொடாம விட்டுட்டு பின்னாடி கட்டி வந்தா அப்பப் பார்த்துக்கலாம். நெறிக்கட்டி தட்டுப்பட்ட 586 பேருக்குத் தனியா ரெண்டு குரூப். சர்ஜன்கள் பலபேர் சேரவே மாட்டேன்னாங்க, சீட்டு குலுக்கி ஆபரேஷன் பண்றதா, பாவம் இல்லையான்னு. அந்தப் பதட்டமான காலத்துலதான், 1974 செப்டம்பர்ல, அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டோட மனைவி பெட்டி ஃபோர்டுக்கே ராடிக்கல் ஆபரேஷன்தான் நடந்துச்சு, நாட்டோட முதல் பெண்மணிக்கே அதுதான்னா நிலைமையைப் புரிஞ்சுக்கோங்க.

25 வருஷம் பின்தொடர்ந்து 2002ல கணக்கை மூடினாங்க. எந்தக் குரூப்லயும் உயிர் பிழைச்சதுல வித்தியாசம் இல்ல. இதுக்குள்ள ஒரு நம்பர் இருக்கு, எனக்கு இன்னிக்கு வரைக்கும் அதுதான் பிடிச்ச நம்பர். ராடிக்கல் ஆபரேஷன் பண்ணினவங்க அக்குளை மைக்ராஸ்கோப்ல பார்த்தா 40 சதவீதம் பேருக்கு நெறிக்கட்டியில கேன்சர் ஒளிஞ்சிருந்துச்சு. சீட்டு குலுக்கிப் பிரிச்சதால, அக்குளைத் தொடாம விட்ட குரூப்லயும் அதே 40 சதவீதம் பேருக்கு இருந்திருக்கணும் இல்லையா, ஆனா அவங்கள்ல பின்னாடி அக்குள்ல கட்டி வந்தது 20 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சப் பேருக்கு உள்ள இருந்தும் தலைதூக்கல. வேர் விட்டா மறுபடி முளைக்கும்ங்கிற நம்ம நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியல.

ஆனா உங்க அத்தை விஷயத்துக்கு நேரா வர்ற ட்ரையல் இது இல்ல, அடுத்தது, பி-06, 1976ல ஆரம்பிச்சது. இதுல மார்பையே எடுக்க வேணுமாங்கிறதுதான் கேள்வி. முழு மார்பு எடுக்கிறது, கட்டி மட்டும் எடுக்கிறது, கட்டி எடுத்து கரண்ட் வெக்கிறது, இப்படி மூணு. 20 வருஷக் கணக்குல 1,851 பேர். உயிர் பிழைக்கிறதுல மூணும் ஒண்ணுதான். ஆனா அதே மார்புல திரும்ப வந்தது, கரண்ட் வெச்சவங்களுக்கு 14.3 சதவீதம், வெக்காதவங்களுக்கு 39.2 சதவீதம். இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.

இப்ப மச்சான் கேஸ். மான்ட்ரியால்ல செயின்ட் லூக் ஆஸ்பத்திரியில ரோஜர் பாய்சன்னு ஒரு சர்ஜன், என்.எஸ்.ஏ.பி.பி. ட்ரையல்களுக்கு நிறைய பேஷன்ட் சேர்த்துக் குடுத்தவர், ஆள் கிடைக்காம தவிக்கிற ட்ரையல்ல இப்படி ஒருத்தர் கிடைச்சா தலையில தூக்கி வெச்சுக்குவாங்க. 1990ல பிட்ஸ்பர்க் ஆபீஸ்ல டேட்டா பார்க்கிற ஒருத்தர் கண்ணுல பட்டது, ஒரே பேஷன்ட்டோட ஆபரேஷன் ரிப்போர்ட் ரெண்டு காப்பி, எல்லாம் ஒண்ணு, தேதி மட்டும் வேற. தோண்டினா வந்துக்கிட்டே இருக்கு. அரசாங்க விசாரணையில 115 இடத்துல பொய் எழுதினது உறுதியாச்சு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்ன பெருமை வரும், கண்டுபிடிச்சது பெரிய ப்ரொஃபஸர் இல்ல, எங்கள மாதிரி தேதி பார்க்கிற ஆளு. (நான் ஒருதடவை ஆபரேஷனுக்கு அப்புறம் பயாப்ஸி நடந்த ஒரு ஃபார்மைப் பார்த்துட்டு ஃப்ராடைப் பிடிச்சுட்டேன்னு குதிச்சேன், கடைசியில தேதியையும் மாசத்தையும் மாத்தி எழுதியிருந்தாங்க, அவ்வளவுதான். அதுக்கப்புறம் குதிக்கிறதில்ல.)

பாய்சன் எதைப் பொய்யா எழுதினார்ங்கிறதுதான் இதுல விஷயமே. ட்ரையல்ல சேர ரூல்ஸ் உண்டு, பயாப்ஸி ஆகி இத்தனை நாளுக்குள்ள சேரணும்ங்கிற மாதிரி. நாள் தாண்டிப் போன பேஷன்ட்டுக்கு தேதியை மாத்தி உள்ள விட்டுட்டார், ட்ரையல்ல இருந்தா அவங்களுக்கு நல்லதுதானேன்னு அவர் தரப்பு நியாயம். தப்புதான், மன்னிக்க முடியாத தப்பு. ஆனா இது சீட்டு குலுக்குறதுக்கு முன்னாடி நடந்த பொய். மூணு குரூப்புக்கும் சமமாப் போகும், இந்த ஆபரேஷன் ஜெயிக்கணும்னு ஒரு பக்கமா சாய்க்காது. செத்தவங்களை உயிரோட இருக்கிறதா எழுதியிருந்தா கதை வேற. சரி, வாதத்தால தப்பிக்கிறோம்னு நினைக்க வேண்டாம், அந்த ஆஸ்பத்திரி பேஷன்ட்டுகளை மொத்தமா தூக்கி எறிஞ்சுட்டு திரும்பக் கணக்குப் போட்டு 1995ல வெளியிட்டாங்க, பதில் மாறல. அதுக்கும் மேல, இவங்களுக்கு சம்பந்தமே இல்லாம இத்தாலியில மிலான்ல வெரோனேசிங்கிற சர்ஜன் 1973லயே 701 பேரை வெச்சு ராடிக்கல் ஆபரேஷனுக்கு எதிரா சின்ன ஆபரேஷன் ப்ளஸ் கரண்ட்டைப் பார்த்துட்டு இருந்தார், அங்கயும் 20 வருஷத்துக்கு அப்புறம் உயிர் பிழைக்கிறதுல வித்தியாசம் இல்ல. மச்சான்கிட்ட சொல்லுங்க, ஒரு தூண் ஆடுச்சு, தூணைப் பிடுங்கிட்டுப் பார்த்தும் கூரை நின்னுச்சு, பக்கத்து வீட்டுக் கூரையும் அதே மாதிரிதான் நிக்குது.

ஆனா ஃபிஷர் தரப்புல தப்பே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். விஷயம் தெரிஞ்சும் வெளிய சொல்ல இழுத்துட்டாங்க, 1994 மார்ச்ல சிகாகோ ட்ரிப்யூன்ல வந்துதான் பொம்பளைங்களுக்கே தெரிஞ்சுது, மார்பைக் காப்பாத்திக்கிட்டவங்க எல்லாம் ஒரே நாள்ல கலங்கிப் போனாங்க. ஃபிஷரைப் பதவியில இருந்து தூக்கினாங்க, அவர் கேஸ் போட்டு 1997ல மன்னிப்பும் பணமும் வாங்கினார்.

ஃப்ராடுன்னா எல்லாம் ஒரே ஃப்ராடு இல்லைங்கறதுக்கு எதிர் உதாரணமும் சொல்லணும். ஜோகன்னஸ்பர்க்ல வெர்னர் பெஸ்வோடான்னு ஒரு கேன்சர் டாக்டர். மார்புக் கேன்சர் பரவினவங்களுக்கு ஆளையே கொல்லுற அளவுக்கு கீமோ குடுத்து, அப்புறம் எலும்பு மஜ்ஜையை திரும்ப ஏத்திக் காப்பாத்துறதுன்னு ஒரு வைத்தியம் 1990கள்ல தீயாப் பரவுச்சு. ஹால்ஸ்டெட் கத்தியில பண்ணினதை இவங்க மருந்துல பண்ணாங்க, அதே லாஜிக், அதிகமா அடிச்சா வேரோட போகும். இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் குடுக்கலைன்னு ஒரு குடும்பம் கோர்ட்டுக்குப் போய் 1993ல 89 மில்லியன் டாலர் தீர்ப்பு வாங்குச்சு, அப்புறம் எந்தக் கம்பெனி மறுக்கும். 1999ல அமெரிக்க மாநாட்டுல ட்ரையல் முடிவுகள் வரிசையா வந்தா எல்லாம் பிரயோஜனம் இல்லைங்குது, பெஸ்வோடாவோடது மட்டும் அமோகம்ங்குது. அமெரிக்காவுல இருந்து ஒரு டீம் ஃபைலைப் பார்க்க நேர்ல போச்சு. அவர் ஒப்பிட்டதா சொன்ன மருந்தும் நிஜமா குடுத்த மருந்துமே வேற. ஒத்துக்கிட்டார். அந்த ஒரு தூணைப் பிடுங்கினதும் கூரை மொத்தமா விழுந்துச்சு, ஏன்னா வேற தூணே இல்ல. ஆயிரக்கணக்கான பொம்பளைங்க அந்த வேதனையை சும்மா அனுபவிச்சாங்க.

இவ்வளவும் படிச்சுட்டு "அப்ப சின்ன ஆபரேஷன்தான் எப்பவும் நல்லது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, அதுவும் இன்னொரு ஹால்ஸ்டெட் ஆயிடும். கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு வயித்தைக் கிழிக்காம ஓட்டை போட்டு, ரோபோ வெச்சுப் பண்றது பல வருஷம் ஓகோன்னு ஓடுச்சு. ரத்தம் கம்மியாப் போகுது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னு அளந்தாங்க, எல்லாமே உண்மை. 2018ல ரெண்டு ஆபரேஷனையும் ஒப்பிட்ட எல்.ஏ.சி.சி.ங்கிற ட்ரையல், 631 பேர், முடிவு வந்தப்ப சர்ஜன்களுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. நாலரை வருஷத்துல நோய் இல்லாம இருந்தவங்க, கிழிச்சுப் பண்ணினதுல 96.5 சதவீதம், ஓட்டை போட்டுப் பண்ணினதுல 86. தழும்பை அளந்தாங்க, உயிரை அளக்கல, ஹால்ஸ்டெட் பண்ணின அதே தப்பு தலைகீழா.

நம்ம நாட்டுலயே பாருங்க, மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில இருந்து 2015ல ரெண்டு ட்ரையல் வெளிவந்துச்சு, ரெண்டும் உலகம் முழுக்கப் பேசின ட்ரையல். ஒண்ணு பட்வே டீம், ஏற்கனவே உடம்புல பரவின மார்புக் கேன்சர்ல மார்பையும் எடுத்தா ஆயுசு கூடுமான்னு 350 பேர்ல பார்த்தாங்க, எடுத்தவங்களுக்கு 19.2 மாசம், எடுக்காதவங்களுக்கு 20.5, கூடல. இன்னொண்ணு டிக்ரூஸ் டீம், புகையிலை வெத்தலை போடுற நம்ம ஊர்ல கொட்டிக் கிடக்கிற வாய்ப் புற்றுநோய். கழுத்துல நெறிக்கட்டி தட்டுப்படலைன்னாலும் முன்கூட்டியே எடுக்கணுமா, வந்தப்புறம் எடுத்துக்கலாமாங்கிற சண்டை பல வருஷமா ஓடிட்டு இருந்துச்சு. 500 பேர் கணக்குல, முன்கூட்டியே எடுத்தவங்க 3 வருஷத்துல 80 சதவீதம் உயிரோட, காத்திருந்தவங்க 67.5. அக்குள்ல காத்திருக்கலாம்னு பி-04 சொல்லுச்சு, கழுத்துல காத்திருக்காதேன்னு இது சொல்லுது. வேரோட எடுக்கச் சொன்ன பாட்டி ஒரு இடத்துல தப்பு, இன்னொரு இடத்துல சரி. எது எங்கன்னு யோசிச்சு கண்டுபிடிக்க முடியாது, எண்ணிப் பார்த்துத்தான் ஆகணும்.

இப்ப அத்தை. சர்ஜன்கிட்ட போகும்போது "இந்த ஆராய்ச்சி உண்மையா"ன்னு கேட்காதீங்க, அது அவரைக் கடுப்பேத்துறதுல முடியும். எடுத்த கட்டியோட ஓரம் சுத்தமா இருக்கான்னு ரிப்போர்ட் வந்ததும் கேளுங்க. அக்குள்ல ஒண்ணு ரெண்டு நெறிக்கட்டி மட்டும் எடுத்து சோதிச்சா போதுமான்னு கேளுங்க. முக்கியமா கரண்ட். அந்த 39.2 ஞாபகம் இருக்கில்ல, கட்டியை எடுத்துட்டு கரண்ட்டுக்குப் போகாம விட்டவங்க நம்பர் அது. நான் வேலை பார்த்த இடத்துல பஸ்ல நாலு மணி நேரம் வர வேண்டியவங்க பாதியில நின்னு போறதை எத்தனையோ ஃபைல்ல பார்த்திருக்கேன், மாடு யார் பார்க்கிறது, பேரனை யார் ஸ்கூலுக்கு விடுறதுன்னு. கரண்ட் முடிக்கவே முடியாதுன்னு நிஜமாவே தெரிஞ்சா மார்பை எடுத்துடறது தப்பான முடிவு இல்ல, வீட்டுப் பெரியவங்களுக்கும் அதைச் சொல்லுங்க.

ஆனா அதுக்கு முன்னாடி எத்தனை சிட்டிங்னு கேளுங்க. அஞ்சு வாரம் வரணும்ங்கிறதும் எல்லாரும் ஏத்துக்கிட்ட ஒரு வழக்கமாத்தான் இருந்துச்சு, அதையும் இங்கிலாந்துல கேள்வி கேட்டு முதல்ல 3 வாரம் ஆக்கினாங்க, அப்புறம் 2020ல ஃபாஸ்ட் ஃபார்வர்ட்னு 4,096 பேர் சேர்ந்த ட்ரையல்ல ஒரே வாரத்துல 5 சிட்டிங், 15 சிட்டிங்குக்கு சளைச்சதில்லைன்னு வந்துச்சு. எல்லா பேஷன்ட்டுக்கும் பொருந்தாது, எல்லா ஆஸ்பத்திரியிலயும் குடுக்கிறதும் இல்ல. ஆனா அத்தைக்குப் பொருந்துதுன்னு டாக்டர் சொன்னா, சொந்தக்காரங்க வீட்ல ஒரு வாரம் தங்கிட்டு முடிச்சுட்டு வந்துடலாம், மச்சான் வீடு டவுன்லதானே இருக்கு.